பேனரைக் கழற்றிய பிறகு குடும்பக் கட்டுப்பாடு யார் வேலை?

ஜூலை 11 வந்தால் மக்கள்தொகை நாள் பேரணி, உறுதிமொழி. நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை வாசக்டமி (ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷன்) இருவார விழா, அதற்கும் ஒரு பேனர். மிச்ச நாளெல்லாம் குடும்பக் கட்டுப்பாடு, கிராம சுகாதார செவிலியரின் நூறு வேலைகளில் கடைசி வேலை.

"குழந்தைப்பேறு விகிதம் பெண்ணுக்கு 1.8 குழந்தைன்னு வந்தாச்சு, தொகுதி மறுவரையறை வேற வருது, ஆள் குறைஞ்சா எம்.பி. சீட்டும் குறையும், இன்னும் எதுக்குப் பிரச்சாரம்?" என்பவர்கள் அதே 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின் இன்னொரு வரியையும் படிக்கலாம். தமிழ்நாட்டில் 15-49 வயது மணமான பெண்களில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 57.8 சதவீதம், கணவர் செய்துகொண்டது 0.1. 'போதும்' என்பதற்குக் கத்தி இருக்கிறது, அதுவும் பெண்ணுக்கு மட்டும். 'இப்ப வேண்டாம், பிறகு பார்த்துக்கலாம்' என்பவளுக்கு என்ன இருக்கிறது என்று ஊரில் கேட்டால் காப்பர் டியைத் தாண்டிப் பதில் வராது.

2017இல் அரசுத் திட்டத்துக்குள் வந்த அந்தரா கருத்தடை ஊசியை எடுத்துக்கொள்வோம். மூன்று மாதத்துக்கு ஒன்று. ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 24 பேர் தொடர்ந்து போடுகிறார்கள், மாதம் 4 பேர் புதிதாகச் சேர்கிறார்கள் என்று வையுங்கள். இந்தக் காலாண்டுக்கு 36 ஊசி. அடுத்ததில் இந்த 36 பேரும் திரும்ப வரவேண்டும், கூடவே புதியவர்கள் 12, ஆக 48. பாதியில் நிற்கும் சிலரைக் கழித்தாலும் 36 போதாது. இண்டென்ட் (மருந்து கேட்டு அனுப்பும் பட்டியல்) எழுதுபவர் போன தடவை எண்ணையே காப்பி அடித்தால் மூன்றாம் மாதம் அலமாரி காலி. பஸ் ஏறி வந்தவளுக்கு "அடுத்த வாரம் வாம்மா". குறித்த தேதிக்குப் பின் நான்கு வாரம் வரை ஊசி போடலாம், அதற்கு மேல் போனால்தான் கர்ப்பமில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். இது தெரியாமல், ஒரு வாரம் பிந்தியவளையே திருப்பி அனுப்பினால் அந்த ஆள் போனது போனதுதான்.

அதைவிடப் பெரிய ஓட்டை, முதல் ஊசிக்கு முன் பேசாமல் விட்ட பத்து நிமிடம். மாதவிடாய் தாறுமாறாகும், சிலருக்கு நின்றே போகும், அதனால் கெட்ட ரத்தம் உள்ளே தங்கிவிடாது, கடைசி ஊசிக்குப் பின் கரு தரிக்க 7 முதல் 10 மாதம் ஆகலாம். இதைச் சொல்லாவிட்டால் இரண்டாவது ஊசிக்கு வரமாட்டாள், தெருவில் நாலு பேரையும் வரவிடமாட்டாள். சாயா என்ற கருத்தடை மாத்திரையிலும் இதே கதை: முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு ஒன்று. மாறும் அந்த நாளில்தான் குழப்பம்.

ஆகவே மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் "புதுசா எத்தனை பேர்?" என்பதற்கு முன்னால், "இந்த மாதம் திரும்ப வரவேண்டியவர்கள் எத்தனை, வந்தவர்கள் எத்தனை?" என்று கேட்கட்டும். தகுதியுள்ள தம்பதியர் (குழந்தை பெறும் வயதில் உள்ளவர்கள்) பதிவேட்டில் அடுத்த தேதி எழுதியிருந்தால் பதில் ஐந்து நிமிட வேலை. டார்கெட் கேள்வி மட்டும் கேட்டால் டார்கெட் மட்டுமே வரும்.

பயிற்சியும் ஒரே ஆளோடு நிற்கக் கூடாது. காப்பர் டி போடத் தெரிந்த டாக்டருக்கு டிரான்ஸ்ஃபர் வந்தால் அந்தச் சேவையும் அவரோடு பஸ் ஏறிவிடும். எப்போதும் இரண்டு பேர்.

வாசக்டமி விஷயத்தில் ஒன்றே ஒன்று. ஆபரேஷன் முடிந்ததும் பலன் வந்துவிடாது. மூன்று மாதம் நிரோத் (ஆணுறை) வேண்டும், பிறகு விந்துப் பரிசோதனை. ஆபரேஷனுக்கு ஜீப் அனுப்புகிறவர்கள் பரிசோதனைக்கு அனுப்புவதில்லை. இடையில் மனைவி கர்ப்பமானால் ஊர் அவள்மேல் சந்தேகப்படும், அடுத்த ஐந்து வருடத்துக்கு ஓர் ஆணும் முன்வரமாட்டான். டிஸ்சார்ஜ் சீட்டிலேயே பரிசோதனைத் தேதியை எழுதி, அன்றைக்கு ஒரு போன் போட்டால் போதும்.