ரூத்தின் அம்மா

என்னோடு வேலை பார்க்கும் தோழி ஒருத்தி யூத மதத்துக்கு மாறி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. நாங்கள் இருப்பது நியூஜெர்சி, இங்கே அது ஒன்றும் அதிசயமில்லை. ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பம், ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிடாத அம்மா. கல்யாணத்துக்காக மாறினாளா என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். இல்லை.

யூதர்கள் பொதுவாக ஆள் தேடிப் போய் மதம் மாற்றுவதில்லை. தானாக வருகிறவரையே மூன்று தடவை திருப்பி அனுப்பிப் பார்ப்பது பழைய வழக்கம். அப்புறம் மாதக்கணக்கில் படிப்பு, மூன்று பேர் உட்கார்ந்து விசாரிக்கும் பெத் தின், கடைசியில் மிக்வே என்கிற நீர்த்தொட்டியில் முழுக்கு. மகளுக்கு இத்தனை ஏற்பாடு, அம்மாவுக்கு ஒரு மணி நேர வகுப்புகூடக் கிடையாது. என் ஆதங்கம் இதுதான்.

புதிதாக வைக்கிற எபிரேயப் பெயரில் இன்னாரின் மகள் என்று வரும் இடத்தில் பெற்றவர்கள் பெயர் வராது, யூதர்களின் ஆதிப் பெற்றோரான ஆபிரகாம் சாராளின் மகள் என்றுதான் வரும். சான்றிதழில் அதைப் பார்த்த அம்மா ஒன்றும் பேசாமல் மடித்துக் கொடுத்துவிட்டாராம். இனிஷியலை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிற பிள்ளையை நம் ஊர் அப்பா எப்படிப் பார்ப்பார்? அந்தப் பார்வைதான்.

மதம் மாறுகிறவர்களுக்கு எல்லாரும் ரூத்தைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். பைபிளில் வருகிற மோவாப் தேசத்துப் பெண், மாமியார் நகோமியை விடாமல் பின்னாலேயே போனவள், "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம்" என்றவள். சரி, அழகான கதைதான். ஆனால் அதே ரூத் புத்தகத்தின் முதல் அதிகாரத்தில் நகோமி மருமகள்களிடம் உங்கள் தாய்வீட்டுக்குத் திரும்பிப் போங்கள் என்கிறாள். அப்படியென்றால் மோவாபில் ரூத்துக்கு ஒரு தாய்வீடு இருந்திருக்கிறது. மகள் வரவில்லை என்று தெரிந்த அன்று அந்த வீட்டில் யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை? யாரும் எழுதி வைக்கவில்லை.

மதம் மாறியவர் புதிதாய்ப் பிறந்த குழந்தை மாதிரி என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான தல்மூத் சொல்கிறதுதான். அதைப் பிடித்துக்கொண்டு பெற்றவர்களை வெட்டிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். 12-ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் எழுதிய சட்ட நூலிலேயே, மாறியவர் தன் யூதரல்லாத தகப்பனைச் சபிக்கவோ அடிக்கவோ அவமதிக்கவோ கூடாது என்று இருக்கிறது. இறந்துபோன யூதரல்லாத பெற்றோருக்காகக் கதீஷ் என்கிற ஜெபத்தைச் சொல்லவும் யூத குருமாரான ரபிகள் பலர் அனுமதிக்கிறார்கள். அம்மாவே ஒரு நாள் "நான் போனால் எனக்கு என்ன செய்வாய்?" என்று கேட்டபோதுதான் தோழி இதையெல்லாம் தேடிப் படித்தாள்.

பெரிய சண்டை அடுப்படியில்தான் வந்தது. கோஷர் என்கிற யூத உணவு விதியைச் சொல்லி மகள் தட்டைத் தொடாமல் வைத்ததும், "முப்பது வருஷம் இந்தச் சட்டியில்தானே தின்றாய்" என்று அம்மா வெடித்துவிட்டார். புரட்டாசி வந்தால் கவிச்சிப் பாத்திரத்தைப் பரணில் ஏற்றுகிற வீட்டில் வளர்ந்தவள் நான், எனக்கு இரண்டு பக்கமும் புரிந்தது. ஆனால் அந்த அம்மாவுக்கு நம்பிக்கையைப் பற்றி யாரும் பாடம் எடுத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் கை அசுத்தம் என்று இதற்கு அர்த்தமில்லை என்று ஒரே ஒரு ஆள் சொல்லியிருந்தால் போதும்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அம்மாதான் போன் செய்கிறார். சூரியன் மறைய 18 நிமிடம் இருக்கும்போது மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும், அதற்குப் பிறகு ஓய்வுநாள் என்பதால் மகள் போனைத் தொடமாட்டாள். டிசம்பரில் இங்கே நாலேகாலுக்கே ஏற்றியாக வேண்டும். நேரம் போட்ட காலண்டர் அம்மா வீட்டு ஃபிரிட்ஜில் தொங்குகிறது, பக்கத்திலேயே மாதா படம்.

இந்த ஷாவுவோத்துக்கு முந்தின நாள் நானும் போயிருந்தேன். ரூத்தின் கதையை வாசிக்கிற பண்டிகை, பால் பலகாரம் சாப்பிடுவதும் அன்றைக்குத்தான். பாட்டி காலத்து ஐரிஷ் சோடா ரொட்டியில் மோர் உண்டு, பாலும் கறியும் சேரக் கூடாது என்பதால் கறி சமைக்கிற வெள்ளிக்கிழமை விருந்தில் அதற்கு இடமே இல்லை. அதனால் ஷாவுவோத்துக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டார்கள். மகள் வீட்டில், மகளுடைய பாத்திரத்தில் அம்மா பிசைந்தார். மோர், மாவு, சோடா உப்பு, ஒரு கை உலர்திராட்சை. உருட்டித் தட்டில் வைத்து, மேலே சிலுவையாகக் கீறக் கத்தியை எடுத்தவர் சட்டென்று நிறுத்தி மகளைப் பார்த்தார்.

"கீறும்மா, இல்லாட்டி நடுவில் வேகாது" என்றாள் அவள்.