வெள்ளி பெயின்ட் அடித்த பிரஷர் கேஜ்

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகனை ரயில் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். வரிசையாகப் பழைய நீராவி எஞ்சின்கள். பையன் ஓடிப்போய் ஒரு பெரிய சக்கரத்தை ஒட்டி நின்றான். சக்கரம் அவனைவிட அரையடி உயரம். வாயாலேயே வண்டியை ஓட்டினான். திடீரென்று நிறுத்திவிட்டு, "மாமா, இது ஏன் குப் குப்னு சத்தம் போடுது?" என்றான்.

பலகையைப் பார்த்தேன். வகை, கட்டிய வருடம், எடை, ஓய்வுபெற்ற வருடம். அவ்வளவுதான்.

நல்லவேளை, எனக்கு இந்தப் பைத்தியம் கொஞ்சம் உண்டு. பிஸ்டனைத் தள்ளி முடித்த நீராவியைச் சும்மா வெளியே விட்டுவிடுவதில்லை. ஒரு குறுகலான குழாய் வழியாகப் புகைபோக்கிக்குள் பீய்ச்சுவார்கள். அது சீறிக்கொண்டு மேலே போகும்போது புகையையும் சேர்த்து இழுத்துப் போகும். அந்த இழுப்பில் பின்னாலிருக்கும் உலைக்குள் காற்று பாயும். கரி மூர்க்கமாக எரியும். எஞ்சின் எவ்வளவு உழைக்கிறதோ அவ்வளவுக்கு நெருப்பும் ஏறும். இரண்டு சிலிண்டர் எஞ்சின் என்றால் சக்கரம் ஒரு சுற்றுக்கு நாலு குப்.

"ஊதுகுழல் மாதிரியா?"

"கிட்டத்தட்ட. இது ஊதாது, உறிஞ்சும்."

1829இல் இங்கிலாந்தில் நடந்த ரெயின்ஹில் எஞ்சின் போட்டியில் ஸ்டீபன்சனின் 'ராக்கெட்' எஞ்சின் ஜெயித்ததில் இந்த இழுப்புக்கும், கொதிகலனுக்குள் ஓடிய 25 செம்புக் குழாய்களுக்கும் பெரிய பங்கு உண்டு. 1938இல் மணிக்கு 126 மைல், அதாவது சுமார் 203 கிலோமீட்டர் தொட்டு வேக சாதனை படைத்த 'மல்லார்ட்' எஞ்சினுக்கு இரட்டைப் புகைபோக்கி. நூறு வருடம் கழித்தும் மல்லுக்கட்டியது அதே மூச்சோடுதான்!

ஒரே ஒரு எஞ்சினில் மட்டும் ஏறிப் பார்க்க விட்டார்கள். அங்கேதான் வயிறு எரிந்தது. நீராவியின் அழுத்தம் காட்டும் பிரஷர் கேஜுக்குக் கண்ணாடியோடு சேர்த்து வெள்ளி பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். எண்ணும் இல்லை, முள்ளும் இல்லை. தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைக் காணவே காணோம். ஃபயர்மேன் கரி அள்ளிப் போட்டுக்கொண்டே ஒரு கண்ணை அந்தக் குழாய்மேல் வைத்திருப்பார். தண்ணீர் குறைந்து உலையின் மேல்தகடு வெளியே தெரிந்தால் தகடு பழுத்து இளகும், கொதிகலன் வெடிக்கும். அதற்கு முன்னால் எச்சரிக்கத்தான் அந்தத் தகட்டில் ஈயம் அடைத்த ஒரு திருகு இருக்கும். ஈயம் உருகியதும் நீராவி உலைக்குள் சீறும். இத்தனை கதை நடந்த இடத்தில் இன்று பெயின்ட் வாசம்தான் அடிக்கிறது.

எல்லா எஞ்சினையும் ஓட வையுங்கள் என்று கேட்கவில்லை. அது எவ்வளவு செலவு என்று தெரியும். இங்கிலாந்தின் யார்க் அருங்காட்சியகத்தில் 'எல்லர்மேன் லைன்ஸ்' என்ற எஞ்சினின் ஒரு பக்கத்தை அறுத்துத் திறந்து வைத்திருக்கிறார்கள். உலை, குழாய்கள், சிலிண்டர் எல்லாம் கண்முன்னே. எப்படியும் இனி ஓடப்போகாத எஞ்சின்களில் ஒன்றை இப்படித் திறந்தால் என்ன கெட்டுப்போகும்? பழமையைக் கெடுப்பதாகச் சிலர் சண்டைக்கு வருவார்கள். கேஜுக்குப் பெயின்ட் அடித்தபோது அந்தப் பழமை எங்கே போயிற்றாம்?

திரும்பி வரும்போது பையன் ரொம்ப நேரம் பேசவில்லை. தூங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

"மாமா, அந்த ஈயம் உருகிட்டா வண்டியை மறுபடி ஓட்டலாமா?"

"புதுத் திருகு போடணும்டா."

"அதுவரைக்கும் பயணிகள் எல்லாம் என்ன பண்ணுவாங்க?"