வேலை போனால் கணக்கு முடிந்துவிடுமா?

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஒரு மாணவியைக் காரால் இடித்துக் கொன்ற போலீஸ்காரரை 2025 ஜனவரியில் வேலையை விட்டு எடுத்தார்கள். அன்றிலிருந்து என் டைம்லைன் முழுக்க ஒரே பதிவு. "சியாட்டில் போலீஸ்காரர் டிஸ்மிஸ், நீதி கிடைத்தது!" பகிர்ந்தவர்களில் பலர் எனக்கு நெருங்கிய நண்பர்கள். இருந்தாலும் கேட்டுவிடுகிறேன். எது நீதி? வேலையை விட்டு எடுத்ததா?

நடந்ததை இன்னொரு முறை யோசித்துப் பாருங்கள். ஆந்திராவின் ஆதோனியிலிருந்து மேல்படிப்புக்குப் போன 23 வயதுப் பெண், ஜாஹ்னவி கந்துலா. 2023 ஜனவரி 23 அன்று, பாதசாரிகள் கடப்பதற்கென்றே கோடு போட்ட இடத்தில்தான் சாலையைக் கடந்தார். மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாத தெரு அது. அவரை இடித்துக் கொன்ற கெவின் டேவ் என்ற அந்தப் போலீஸ்காரர் வந்த வேகம் 119. சைரனைக்கூட விட்டுவிட்டுத்தான் ஒலிக்கவைத்தார். 2024 பிப்ரவரியில், குற்ற வழக்குப் போட ஆதாரம் போதாது என்று அரசு வழக்கறிஞர் அலுவலகம் கையை விரித்தது. அப்புறம் போக்குவரத்து விதிமீறல் என்று 5,000 டாலருக்கு ஒரு அபராதச் சீட்டு. கடைசியில், இடித்துக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் கழித்து, வேலைநீக்கம்.

அதே தெருவில் அதே வேகத்தில் ஒரு லாரி டிரைவர் வந்து இடித்திருந்தால், அவரை இரண்டு வருடம் சம்பளம் கொடுத்து வைத்திருப்பார்களா? இதுதான் என் கேள்வி. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் காக்கி போட்டாலும் நீலம் போட்டாலும் கேள்வி ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

"அவசர அழைப்புக்குப் போனவர், அவர் என்ன செய்வார்?" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, போதை மருந்து அதிகமாகிவிட்டது என்று வந்த அழைப்புக்குத்தான் போனார், ஒப்புக்கொள்கிறேன். அவசர வண்டி வேக வரம்பை மீறலாம் என்று அந்த மாநிலச் சட்டமே சொல்கிறது. ஆனால் மற்றவர்களின் பாதுகாப்பைப் பார்த்து ஓட்டும் கடமை அதனால் நீங்காது என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு வராதீர்கள். ஒரு உயிரைக் காப்பாற்றப் போகிறேன் என்று இன்னொரு உயிரை எடுக்க யாருக்கும் உரிமை கிடையாது.

"நீ போலீஸையே வெறுக்கிறாய்" என்பார்கள் சிலர். இல்லை. தூக்கமில்லாமல் இரவெல்லாம் ரோந்து வண்டி ஓட்டுகிறவர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது டூட்டி போடும் அதிகாரிகள், ரோட்டில் நடந்து போகிறவர்கள் அல்ல.

அமெரிக்காவை ஏன் இழுக்கிறாய் என்றால், என் சித்தப்பாவுக்காகத்தான். ஊரில் பஸ் ஸ்டாண்ட் திருப்பத்தில் தன் பக்கமாக டி.வி.எஸ். 50-யில் வந்தவரை, ராங் சைடில் வந்த போலீஸ் ஜீப் அடித்துத் தூக்கியது. பார்த்தவர்கள் ஏராளம். ஆனால் ஆஸ்பத்திரியில் விபத்தைப் பதிவு செய்யும் ஏ.ஆர். காப்பியில் "வண்டி சறுக்கித் தானே விழுந்தார்" என்று இருந்தது. ஸ்டேஷனுக்குப் போன அப்பாவிடம், "பெரியவரே, நம்ம டிபார்ட்மென்ட் வண்டி, சமாதானமாப் போயிடுங்க, ஆஸ்பத்திரிச் செலவைப் பாத்துக்கலாம்" என்றார் ரைட்டர். யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. எஃப்.ஐ.ஆர். இல்லாமல் இழப்பீட்டு வழக்கு எப்படி நிற்கும்? சித்தப்பாவின் வலது கால் இன்றைக்கும் மடங்காது.

பிறகுதான் இன்னொன்றும் தெரிந்தது. நீங்களும் நானும் இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி எடுத்தால் அபராதம். ஆனால் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவு, வியாபாரத்துக்கு ஓட்டாத அரசு வண்டிகளுக்கு அந்தக் கட்டாயத்திலிருந்தே விலக்குக் கொடுக்கிறது. அதற்காக அரசு தப்பித்துவிட முடியாது. உதய்ப்பூர் கலெக்டரின் ஜீப்பை ஒர்க்‌ஷாப்பிலிருந்து எடுத்து வந்த டிரைவர் நடந்து போனவரை இடித்து, அவர் இறந்துபோன வழக்கில், அரசுதான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 1962-லேயே சொல்லிவிட்டது. சட்டம் இருக்கிறது. ஆனால் இடித்தவரும் போலீஸ், எழுதுகிறவரும் போலீஸ், விசாரிக்கிறவரும் போலீஸ் என்றால் அந்தச் சட்டம் வரைக்கும் யார் போய்ச் சேர முடியும்?

சியாட்டிலில் கேமரா இருந்தது, அதனால் உலகத்துக்குத் தெரிந்தது. டேனியல் ஆடரர் என்ற இன்னொரு போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே, 11,000 டாலருக்கு ஒரு செக் எழுதினால் போதும், அவளுக்கு மதிப்புக் குறைவுதான் என்று பேசியதும் அவர் சட்டையில் இருந்த கேமராவில்தான் பதிவானது. வயதைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை, 26 என்றார். வக்கீல்கள் எப்படிப் பேசுவார்கள் என்று பேசிக் காட்டினாராம். அந்த விளக்கத்தைக் காது கொடுத்துக் கேட்கவே எனக்கு மனமில்லை. இதையும் கவனியுங்கள்: பேசியவரை 2024 ஜூலையிலேயே நீக்கிவிட்டார்கள். இடித்துக் கொன்றவர் அதற்கப்புறமும் பல மாதம் வேலையில் இருந்தார்.

பெற்றவர்கள் 2024-ல் 11 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார்கள். கூடவே அந்த 11,000 டாலரையும் சேர்த்துக் கேட்டார்கள். அதற்கும் "பணத்துக்காக" என்று கமென்ட் போட ஆள் இருக்கிறது. கடன் வாங்கிப் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிய வீடுகள் நம் தெருவிலும் இருக்கின்றன. அந்த வீட்டு வாசலில் போய் நின்று இதைச் சொல்வீர்களா? குற்றம் செய்தவர் குற்றவாளிக் கூண்டில் ஏறவே இல்லை. தயவுசெய்து "நீதி கிடைத்தது" பதிவில் இனி என்னை டேக் செய்யாதீர்கள்.