20 லிட்டருக்கு எத்தனை பேர்?

நானுஓயாவுக்கு மேல ஒரு லயம், அதான் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு. தை மாசம், ராத்திரி ஏழரை மணி. லயத்துச் சுவர் எவ்வளவு மெல்லிசுன்னு அதுல குடியிருந்தவங்களுக்குத் தெரியும். பக்கத்துக் காம்பராவுல மிளகாய் தாளிச்சா நமக்குத் தும்மல் வரும். அதனால ஒட்டுக்கேட்டேன்னு யாரும் சொல்லக்கூடாது. காதுல விழுந்துச்சு, எழுதுறேன்.

பேசுறவங்க ரெண்டே பேர். பாஸ், நுவரெலியா டவுன்ல ஒரு பேக்கரியில 31 வருசமா பாண், அதான் பிரெட், போடுறவர். சரசு, அவர் சம்சாரம். அதைவிடக் கூடுதலான வருசம் கொழுந்து எடுத்துட்டு இப்பதான் வீட்டோட இருக்காங்க.

சரசு: என்னாங்க, போனைக் காதுல வச்சிக்கிட்டு அடுப்படியில ஏன் பதுங்குறீங்க?

பாஸ்: பதுங்கல. சின்னவன் வொய்ஸ் போட்டிருக்கான். டொரொண்டோவுல பயங்கரக் குளிராம்.

சரசு: குளிருதுன்னு சொல்லவா மூணு நிமிசம் பேசுனான்?

பாஸ்: தொழில் விசயம் புள்ள. ஈஸ்ட் எவ்வளவு போடணும்னு கேக்குறான். பாண் சுடப் போறானாம்.

சரசு: அடடா! அப்பன் தொழிலை விடல பாருங்க. எவ்வளவு மாவுக்காம்?

பாஸ்: 20 லிட்டருக்கு.

(கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கேத்தல் மூடி மட்டும் ஆடுது.)

சரசு: பாணை எந்தக் காலத்துலங்க லிட்டர்ல அளந்தாங்க?

பாஸ்: கனடாவுல எல்லாமே லிட்டர்தான்.

சரசு: போனைக் கொண்டாங்க இங்க.

(வொய்ஸ் மறுபடி ஓடுது. சுவருக்கு இந்தப் பக்கமும் தெளிவாத்தான் கேட்டுச்சு: "அப்பா, வீட்டுல லாகர் பியர் போடுறேன். ஈஸ்ட் பாக்கெட் 11.5 கிராம். போன மாசம் ஏல் பியர் போட்டப்ப ஒண்ணு போதுமா இருந்துச்சு. இதுக்கு ரெண்டு போடுன்னு கூட்டாளி சொல்றான். வீண் செலவுதானே? அம்மாகிட்ட சொல்லிராதீங்க.")

சரசு: எங்கிட்டச் சொல்லாம வேற யார்கிட்டச் சொல்றதாம்?

பாஸ்: கோவிக்காத. அங்க வீட்டுக்குன்னு பியர் செஞ்சா குத்தமில்லையாம். இங்க மாதிரி லைசன் இல்லன்னு மதுவரிக்காரன் வந்து நிக்கமாட்டான்.

சரசு: மதுவரிக்காரன் வராட்டி என்ன, நான் ஒருத்தி இருக்கேன்ல. நீங்க பாண்னு பொய் சொன்னதுக்கு அப்புறமா வர்றேன். மொதல்ல பதிலைச் சொல்லுங்க, புள்ள காத்திருக்கான்.

பாஸ்: இதுல என்ன இருக்கு? 31 வருசம் ஈஸ்ட்ல கை நனைச்சவன் நான். 50 கிலோ மூட்டைக்கு அரைக் கிலோ. நூத்துக்கு ஒண்ணு. 20 லிட்டர்னா 200 கிராம். 11.5 கிராம் பாக்கெட்டுல... 17 பாக்கெட்டு. தாராளமா 18 போடச் சொல்லு.

சரசு: அவன் ஒண்ணா ரெண்டான்னு கேக்குறான். நீங்க 18-ங்கறீங்க. அது பியரா, தொட்டி நிறைய ஈஸ்ட்டா?

பாஸ்: ம்ம். பாண் ரெண்டு மணி நேரத்துல எழும்பணும். பியர் ரெண்டு, மூணு வாரம் கிடக்கும்ல. அப்ப ஒரு சிட்டிகை போதும். ஈஸ்ட் குட்டி போடும் புள்ள. ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். சின்னவன் சொல்றது சரி, ரெண்டாவது பாக்கெட் வீண் செலவு.

சரசு: 18-ல இருந்து சிட்டிகைக்கு வந்துட்டீங்க. தேயிலை ஏலத்துலகூட இப்படி விலை எறங்காதுங்க.

பாஸ்: சும்மா பேசுறேன்னு நெனைக்காத. பியருக்கும் நம்ம ஊருக்கும் பழைய பந்தம். 1848-லயே ஒரு வெள்ளக்காரன் நுவரெலியாவுல வந்து குடியேறிப் பண்ணை போட்டான். பேரு என்ன தெரியுமா? சாமுவேல் பேக்கர். பேக்கர்! பேருலயே பேக்கரி இருக்கு. 1881-ல நுவரெலியாவுல பியர் பெக்டரியே வந்துருச்சு. ஏன் இங்க? குளிரு, மலைத்தண்ணி. லாகருக்குக் குளிருதான் உசிரு. 'லாகர்'ங்கறதே ஜெர்மன்காரன் பாஷையில சேத்து வைக்கிற ஸ்டோர்தான்.

சரசு: நம்ம கொழுந்து கொண்டுபோய்க் கொட்டுற ஸ்டோரா?

பாஸ்: அது தேயிலை ஸ்டோர். இது... சரி, ஏதோ ஒரு ஸ்டோர்.

சரசு: பாக்கெட்டுல ஒண்ணும் எழுதலையா? படம் அனுப்பியிருக்கானே, படிங்க.

பாஸ்: இரு, கண்ணாடி எங்க... "12 முதல் 15 டிகிரி. 80 முதல் 120 கிராம், எச்எல்." எச்எல்னா ஹெக்டேர்.

சரசு: ஹெக்டேருன்னா ரெண்டரை ஏக்கர் மலைங்க. அவ்வளவு எடத்துக்கு 80 கிராம் தூவி என்ன மொளைக்கும்? உரம் போடுற ஆளுகூடச் சிரிப்பான்.

பாஸ்: கீழ அவனே எழுதியிருக்கான். ஹெக்டோலிட்டராம். 100 லிட்டர்.

சரசு: அப்படிச் சொல்லுங்க. நூறுக்கு 80 முதல் 120. இருபதுன்னா அதுல அஞ்சுல ஒரு பங்கு. 16-ல இருந்து 24 கிராம். ஒரு பாக்கெட் பதினொன்னரை, பத்தாது. ரெண்டுன்னா 23. உள்ள நிக்குது. முடிஞ்சு போச்சு.

(இதைக் கணக்குப் பாக்க அந்தம்மாவுக்கு மூச்சு விடுற நேரம்தான் ஆச்சு. கொழுந்து நிறுக்கிற தராசுல நின்னு, தண்ணிக்கு ரெண்டு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோன்னு கழிக்கறவங்ககிட்ட வருசக்கணக்கா மல்லுக்கட்டுனவங்களுக்குக் கூட்டல் கழித்தல் தண்ணிபட்ட பாடு. நான் இன்னும் போன்ல கால்குலேட்டரைத் தேடிக்கிட்டிருந்தேன்.)

பாஸ்: கணக்கு சரி. ஆனா ஏன் ரெண்டு? அதே 20 லிட்டர் ஏலுக்கு ஒண்ணு போதுமா இருந்துச்சுங்கறானே.

சரசு: அதை எவ்வளவு சூட்டுல வச்சானாம்?

பாஸ்: 20 டிகிரியில.

சரசு: இது 12-லயா?

பாஸ்: ஆமா.

சரசு: தை மாசம் பனி கொட்டுற காலையில நாலாம் நம்பர் மலைக்குப் போயிருக்கீங்களா? வெரல் மரத்துப் போயி, கொழுந்தைக் கிள்ளுறமா, வெரலைக் கிள்ளுறமான்னு தெரியாது. வெயில்ல 18 கிலோ எடுக்கறவ அன்னைக்கு ஒம்பது எடுத்தா பெரிசு. அதே மலையை அன்னைக்கே முடிக்கணும்னா கங்காணி என்ன செய்வான்? காலையில ஆளு பிரிக்கிற பிரட்டுல ரெண்டு மடங்கு ஆளு எறக்குவான். ஈஸ்டும் கூலி ஆளுதாங்க. குளிர்ல கை ஓடாது. ரெண்டு பாக்கெட்னா ரெட்டைப் பேர்.

பாஸ்: நான்தான் சொன்னேனே, குட்டி போடும்னு! உள்ள போயி அதுகளே பெருகிக்கும்.

சரசு: குளிர்ல அதுவும் மெதுவாத்தாங்க. புள்ள பெத்து, வளத்து, ஆளாக்கி மலைக்கு அனுப்புற வரைக்கும் கொழுந்து காத்துக்கிட்டிருக்குமா? முத்திப் போயிராது? அதுக்குள்ள புல்லு மண்டிரும். அங்க புல்லுக்குப் பதிலா கண்ட கிருமியும் வந்து குந்தும். ஏன், நீங்களே என்ன செய்றீங்க? தை மாசம் வந்தா மா எழும்பலன்னு ஈஸ்டைக் கூட்டிப் போடுறதில்ல? போன வருசம் அதுக்குத்தானே மொதலாளிகிட்ட ஏச்சு வாங்குனீங்க.

பாஸ்: (ரொம்ப மெதுவா) அது தொழில் ரகசியம். அதை எதுக்கு இப்ப இழுக்குற.

(ஒரு டப்பா மூடி திறக்குற சத்தம். பேக்கரியில இருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த ஈஸ்டா இருக்கணும். அதுக்கு மொதலாளி சம்மதம் இருந்துச்சான்னு எனக்குத் தெரியாது.)

பாஸ்: இங்க பாரு. உள்ளங்கையில ஒரு சின்னக் கரண்டி. மூணு கிராம்தான் வரும். குரக்கனைவிடப் பொடிசு, ஊதுனா பறக்குது. அவன் பாக்கெட்டுல ஒரு கிராமுக்கு 600 கோடி உசிருக்கு மேல இருக்குன்னு போட்டிருக்கு. ஒலகத்துல மனுசனே 800 கோடிதான். இதுல ஆளு பத்தலைன்னு சொன்னா எவன் நம்புவான்?

சரசு: 600 கோடியா? யாருங்க பேர் போடுறது அத்தனைக்கும்? (தோட்டத்துல ஒரு நாள் வேலையைப் பதிஞ்சு சம்பளம் போடுறதைத்தான் 'பேர் போடுறது'ம்பாங்க. வேலை குறைஞ்சா அரைப்பேர்.)

பாஸ்: அதான் கேக்குறேன்.

சரசு: ஆளு பொடிசுங்க. அதுக்கு அந்த 20 லிட்டர் ஒரு தோட்டம் மாதிரி. சரி, இந்தப் பாண் ஈஸ்டையே போட்டா என்ன? காசு மிச்சம்.

பாஸ்: (குரல் நிமிருது, இது அவர் எடம்) கூடாது! இது வேற சாதி. சூட்டுல துள்ளும், 12 டிகிரியில போர்வையைப் போத்திப் படுத்துரும். லாகர் ஈஸ்ட் குளிருக்குன்னே பொறந்தது. 1883-ல டென்மார்க்குல கார்ல்ஸ்பேர்க் பெக்டரியில ஹான்சன்னு ஒருத்தர்தான் அதைத் தனியாப் பிரிச்செடுத்து வளத்தார். அது ரெண்டு சாதி கலந்த புள்ள. ஒண்ணு நம்ம பாண் ஈஸ்டோட சொந்தம், இன்னொண்ணு காட்டு ஈஸ்ட்.

சரசு: இதெல்லாம் எப்பத் தெரிஞ்சுது?

பாஸ்: சின்னவன் சொன்னான். போன வாரம்.

சரசு: ஓகோ. போன வாரத்துல இருந்தே நடக்குதா இந்தக் கதை.

(இந்த எடத்துல அவர் இருமுனது நெசமான இருமல் இல்லை.)

பாஸ்: அது... அதை விடு. ஆளு குறைஞ்சா பியர்ல பட்டர் வாசம் வருமாம், பயந்து போய் சொல்றான். பைத்தியக்காரன். பட்டர் வாசம் வரணும்னுதானே நாங்க பேக்கரியில எசன்ஸ் வாங்கி ஊத்துறோம்!

சரசு: பனிஸ்ல வந்தா வாசம். பியர்ல வந்தா நாத்தம். வந்தாப் போக்க வழியிருக்கா?

பாஸ்: கடைசியில ரெண்டு நாள் சூட்டைக் கொஞ்சம் ஏத்தி 16, 17-ல வச்சா ஈஸ்டே அதைத் தின்னுருமாம்.

சரசு: பாருங்க, வெயில் வந்ததும் கை ஓடுது. அழுகுன முட்டை வாசம் வந்தா?

பாஸ்: லாகருக்கு அது கொஞ்சம் சகஜமாம். குளிர்ல கெடக்கக் கெடக்கப் போயிருமாம்.

சரசு: போனைக் குடுங்க, நானே பேசுறேன். (தொண்டையைச் செருமுது) தம்பி, அம்மா பேசுறேன். எல்லாம் கேட்டேன். ரெண்டு பாக்கெட்டையும் போடு. ஈஸ்டுல கஞ்சம் புடிக்காத. 12-க்குக் கீழ எறங்குனா இன்னும் கூட்டு. குல்லா போடு. குடிக்கிறதை அப்புறம் பேசிக்குவோம்.

(ரெண்டு நிமிசத்துல டிங்குன்னு ஒரு சத்தம். சின்னவன் குரல்: "அம்மா... நேத்து ராத்திரியே ஒரு பாக்கெட்டைப் போட்டு மூடிட்டேன். இன்னும் ஒரு கொமிழிகூட வரல.")

பாஸ்: பாத்தியா, போட்டுட்டுத்தான் கேட்டிருக்கான்!

சரசு: தம்பி, மூடியைத் தெற. இன்னொண்ணைப் போட்டு மூடு. இப்பவே. நேத்தைக்கு உனக்கு அரைப்பேர்தான்.

பாஸ்: (சிரிக்கிறார்) அரைப்பேராம்! நல்லா வேணும் அவனுக்கு. சரி புள்ள, சோத்தைப் போடு, பசிக்குது.

சரசு: சோறா? பாண்னு பொய் சொன்னீங்கல்ல, உங்களுக்கு இன்னைக்குப் பேரே விழல.