வட்டார வழக்கும் ரெண்டு ஆடும்

(வன்னிக்குள் ஒரு சந்தி. எந்தச் சந்தி என்று சொல்லமாட்டேன். நாளைக்கும் நான் அங்கேதான் பஸ் ஏறவேண்டும். வேப்பமரத்தடி வாங்கில் இரண்டு பேர். ஒருவர் கையில் போன், மற்றவர் கையில் மடித்த ஒரு தாள்.)

தம்பி: இவதான் ஆச்சி, சந்திரமுகி சௌட்டாலா. பொம்பிளை இன்ஸ்பெக்டர். வாயைத் திறந்தா முழுக்க வட்டார வழக்குத்தான்.

ஆச்சி: எந்த வட்டாரம் மோனை?

தம்பி: ஹரியானா. டெல்லிக்குப் பக்கத்தில.

ஆச்சி: அங்கயும் காணிப் பிரச்சினைதானோ?

தம்பி: காணியோ? இது ரிவியில வந்த பொலிஸ் பகிடி ஆச்சி.

ஆச்சி: வழக்கெண்டு நீதானே சொன்னனி. எத்தினை வருசமா நடக்குது?

தம்பி: 2006இல துடங்கி 2015 மட்டும் நடந்தது.

ஆச்சி: ஒன்பது வருசம். பரவாயில்லை, கெதியா முடிச்சிட்டாங்கள். கொழுந்தனோட எனக்கு வரம்பு வழக்கு, பதினொரு வருசம், இன்னும் இழுபடுது. இவைக்கு எத்தினை தவணை போட்டவை?

தம்பி: தவணையோ? எப்பிசோட்டைக் கேக்கிறியள் போல. ஆயிரத்துக்கு மேல.

ஆச்சி: ஆயிரம் தவணையோ! எங்களுக்கு வருசத்துக்கு மூண்டு. ஒண்டுக்கு நீதிபதி லீவு, ஒண்டுக்கு லோயர் லீவு, மற்றதுக்குக் கொழுந்தனுக்கு வயித்துக்குத்து.

தம்பி: ஐயோ, அந்த வழக்கில்லை. பேச்சு வழக்கு.

ஆச்சி: விளங்குது, பேச்சில வந்த வழக்கு. எங்கடையும் அப்பிடித்தான். மண்வெட்டியைத் தா எண்டு கேட்ட இடத்தில ஒரு சொல்லுக் கூடிப்போச்சு.

(பேச்சு வழக்கு என்ற சொல்லை உண்டாக்கிய பண்டிதர் யாரோ தெரியாது. கோட்டுப் படி ஏறாத புண்ணியவான் என்பது மட்டும் நிச்சயம்.)

தம்பி: பேச்சு வழக்கெண்டா ஒரு ஊராக்கள் கதைக்கிற விதம். 'என்று' எண்டு எழுதுவம், 'எண்டு' எண்டு கதைப்பம். அதுதான் வழக்கு.

ஆச்சி: உதை ஊர்க்கதை எண்டு சொன்னா நான் இவ்வளவு நேரமும் லோயரை நினைச்சு நெஞ்சிடியோட இருந்திருக்கமாட்டன். சரி, நாடகத்துக்கு என்ன பேர்?

தம்பி: எஃப்.ஐ.ஆர். முதல் தகவல் அறிக்கை. எங்கட பொலிசில என்ரி போடுறது மாதிரி.

ஆச்சி: நாடகத்துக்கே என்ரி எண்டு பேர் வைச்சா அது எங்க முடியிறது!

தம்பி: முடிஞ்சிட்டுது ஆச்சி. நான் யூரியூப்பில பாக்கிறன். சப் ரிவியில போனது. நடிச்சவ கவிதா கௌஷிக்.

ஆச்சி: உனக்கு எப்பிடி ஹிந்தி விளங்குது?

தம்பி: ஆறு வருசம் கட்டாரில நிண்டனானெல்லோ. எங்கட அறையில ரோத்தக் ஊர்ப் பெடியன் ஒருத்தன், மேல் கட்டில். ரெண்டு பேருக்கும் கம்பி கட்டுற வேலை. வந்து சப்பாத்துக் கழட்டமுதல் வெங்காயப் பேணியில போனைச் சாத்தி வைச்சிட்டு உதைத்தான் பாப்பான். பகிடி வரமுதலே சிரிப்பான். அவ 'சை' எண்டாலே காணும், கட்டில் ஆடும்.

ஆச்சி: சை எண்டு ஏசுறதுக்குச் சிரிக்கிறதோ?

தம்பி: ஏச்சில்லை. ஹிந்தியில 'ஹை' எண்டுறதை அவை 'சை' எண்டுவினம். தண்ணிக்கு மற்றவை 'பானி' எண்டேக்க அவை 'பாணி' எண்டு அழுத்துவினம்.

ஆச்சி: பனம்பாணியோ?

தம்பி: தண்ணி ஆச்சி.

ஆச்சி: தண்ணியைப் பாணி எண்டு, கதையை வழக்கெண்டு, சை எண்டா ஏச்சில்லை எண்டு. பொலிசுக்குத் தோதான பாசைதான்.

தம்பி: அவன் ஒரு நாள் சொன்னான்: 'டெல்லிக்குப் போய் நான் இப்பிடிக் கதைச்சா எருமை மேய்ச்சவன் எண்டு சிரிப்பாங்கள். இவ இதே கதையை யூனிபோமோட கதைக்கிறா, எல்லாரும் எழும்பி நிக்கிறாங்கள்' எண்டு. அதுக்காகவே பாக்கிறானாம்.

ஆச்சி: அந்தப் பெடியன் சொல்லுறது சரி. யாழ்ப்பாணத்தில ஒரு புடவைக் கடையில நான் வாய் திறந்து ரெண்டு சொல்லுச் சொல்ல, 'வன்னியோ அம்மா?' எண்டவள், கையில எடுத்த சீலையை வைச்சிட்டுக் கீழ்த்தட்டில கையை விட்டவள். விலை கேக்கமுதலே மோனை! (நிறுத்தி) எங்கட காலத்தில றேடியோவிலயும் உப்பிடி ஒண்டு போனது. அப்புக்குட்டி யாழ்ப்பாணக் கதை, மரிக்கார் முஸ்லிம் ஆக்களின்ர கதை, ஐயர் ஐயர்க் கதை, உபாலி சிங்களவர் கதைக்கிற தமிழ். பிறகு 1976இல கோமாளிகள் எண்டு படமாவும் வந்தது. ஒருத்தர் சொல்லுறது மற்றவருக்கு விளங்காது, நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்பம்.

தம்பி: அதேதான் ஆச்சி இதுவும்.

ஆச்சி: அதெப்பிடி அதே? உபாலிக்குத் தமிழ் பிழைச்சா நாங்கள் சிரிச்சம். பொலிசுக்குத் தமிழ் பிழைச்சா ஆர் சிரிக்கிறது?

தம்பி: ஏன், பொலிசுக்கோ போட்டு வாறியள்?

ஆச்சி: (தாளை விரிக்காமல் தடவி) ஆடு ரெண்டைக் காணேல்லை. ஒரு மறி, ஒரு கிடாய்க்குட்டி. போன கிழமை முறைப்பாடு குடுத்தனான். குறை சொல்லக்கூடாது, இருந்த பெடியன் நல்ல பெடியன். கதிரை இழுத்துப் போட்டான், போத்தலில தண்ணியும் தந்தான்.

தம்பி: பாணி.

ஆச்சி: ஓம், பாணி. 'உங்கள் பெயர் என்ன? வயது எத்தனை? யார் மீது சந்தேகம்?' எண்டு பள்ளிக்கூடப் புத்தகம் வாசிக்கிற மாதிரி வடிவாக் கேட்டான். எனக்கெண்டா உச்சி குளிர்ந்து போச்சு. நான் வாயைத் திறந்து, காத்தாலை குழை வெட்டப் போட்டு வந்து பாக்கப் பட்டியடியில மறியைக் காணேல்லை எண்டன். பெடியன் முழிக்கிறான். கேள்வி கேக்கத்தான் தமிழ் படிப்பிச்சு அனுப்பியிருக்கினம் மோனை. மறுமொழி விளங்கப் படிப்பிக்கேல்லை.

தம்பி: நீங்களும் ரெண்டு சொல்லுச் சிங்களம் பழகியிருக்கலாந்தானே?

ஆச்சி: துலைஞ்சது என்ர ஆடு. அதுக்கு நானே பாசையும் படிக்கிறதோ? நீ கம்பி கட்டப்போன இடத்தில ஹிந்தி படிச்சிட்டாய். உன்னை ஒருத்தரும் அனுப்பிப் படிப்பிக்கேல்லை. சரி, விடு.

தம்பி: பிறகு எழுதினவரோ?

ஆச்சி: எழுதாமல்! சிங்களத்தில. நான் சொன்னது நாலு வசனம், அவன் எழுதினது ஒரு முழுப் பக்கம், தேன்குழல் பிழிஞ்ச மாதிரி. 'தம்பி, இவ்வளவு நான் சொல்லேல்லையே' எண்டன். 'இங்கே ஒப்பம்' எண்டான். வைச்சன்.

தம்பி: என்ன கிடக்கெண்டு விளங்காமலோ?

ஆச்சி: கோட்டில பதினொரு வருசமா விளங்கியே வைக்கிறன்?

தம்பி: ஆரிட்டையும் வாசிப்பிச்சுப் பாத்தனீங்களோ?

ஆச்சி: மெதவாச்சிப் பக்கத்தால பாய் விக்க வாற பெடியனிட்டைக் குடுத்தன். அவன் மேலயும் கீழயும் பாத்திட்டு, 'அம்மே, ரெண்டு குறைவு எண்டு இருக்கு' எண்டான். என்ன ரெண்டு எண்டன். 'அது எழுதி இல்லை' எண்டான்.

தம்பி: ரெண்டு குறைவோ?

ஆச்சி: ஊருக்குப் பகிடியாப் போச்சு. ஆச்சிக்கு ரெண்டு குறையுதெண்டு பொலிசே எழுதி முத்திரை குத்திக் குடுத்திருக்காம். என்ர மருமகள் சொல்லுறாள், 'மாமி, அந்தத் தாளைக் கவனமா வையுங்கோ, தேவைப்படும்' எண்டு.

தம்பி: (போனை அணைத்து, நிமிர்ந்து இருந்து) பொறுங்கோ. பொறுங்கோ ஆச்சி. நீங்கள் 'ஆடு' எண்டே சொன்னனீங்கள்?

ஆச்சி: ஆட்டை ஒட்டகம் எண்டோ சொல்லுறது?

தம்பி: பிடிச்சிட்டன்! கட்டாரில எங்களோட சிங்களப் பெடியளும் நிண்டவை. எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, கதை கொஞ்சம் தெரியும். சிங்களத்தில 'அடு' எண்டாக் குறைவு. நீங்கள் ஆடு ரெண்டு எண்டு சொல்ல, அவர் ரெண்டு குறைவெண்டு எழுதியிருக்கிறார். ஆட்டுக்குச் சிங்களம் 'எலுவா'.

ஆச்சி: எலுவா. (வாய்க்குள் சொல்லிப் பார்த்து) சொல்லு விளங்காட்டியும் சத்தம் விளங்குமெண்டு நான் 'மே... மே...' எண்டு கத்தியும் காட்டினனானடா.

தம்பி: 'மே' எண்டாச் சிங்களத்தில 'இந்த' எண்ட கருத்து.

ஆச்சி: அதுதானே! நான் கத்தக் கத்த அவன் மேசைக்குக் கீழயும் குனிஞ்சு தேடினவன்.

(சிரித்து முடிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. இதை எழுதுகிறவனும் மற்ற வாங்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான்.)

தம்பி: இண்டைக்கு அதைத் திருத்தவோ போனனீங்கள்?

ஆச்சி: ஓம். அந்தப் பெடியன் லீவாம். மற்றவருக்குக் கேள்வியும் தெரியாது. 'நாளை' எண்டார். அவருக்குத் தெரிஞ்ச தமிழ் அது ஒண்டுதான். கோட்டிலயும் கன பேருக்கு அது நல்லாத் தெரியும்.

தம்பி: ஆச்சி, உங்களுக்குத் தமிழில முறைப்பாடு எழுதச்சொல்லிக் கேக்க உரிமை இருக்கு. 1956இல சிங்களம் மட்டும் எண்டு சட்டம் கொண்டுவந்தவை. 1987இல 13ஆவது திருத்தத்தோட தமிழும் அரச கரும மொழி. மாகாணத்துக்குப் பொலிஸ் அதிகாரம் எண்டும் அதுக்குள்ள எழுதிக் கிடக்கு, இன்னும் குடுக்கேல்லை.

ஆச்சி: 87இல என்ர மூத்தவன் கைக்குழந்தை. இப்ப அவனுக்குத் தலை நரைச்சிட்டுது. அந்தச் சட்டத்துக்கு இது எத்தினையாம் தவணை?

தம்பி: தவணை இல்லை ஆச்சி. எப்பிசோட்.

ஆச்சி: பாத்தியே, உனக்கும் வழக்கு விளங்கத் துடங்கிட்டுது.

தம்பி: உண்மையாச் சொல்லுறன், நாங்களும் ஒண்டு எடுப்பம். வன்னிக் கதையில பொலிஸ் பகிடி. நீங்கள்தான் இன்ஸ்பெக்டர். போன் காணும், கமரா தேவையில்லை.

ஆச்சி: கமராவைப் பற்றி எனக்குச் சொல்லாதை. 2009க்குப் பிறகு என்ர படலை திறந்து வந்த கமரா எத்தினை! 'அழாமச் சொல்லுங்கோ அம்மா' எண்டுவாங்கள். நான் அழாமச் சொன்னா இன்னொருக்காச் சொல்லுங்கோ எண்டுவாங்கள். அழுதாப் பிறகு நன்றி சொல்லிப்போட்டுப் போவாங்கள். அந்தப் பெடியனுக்குக் கட்டில் ஆட ஆடச் சிரிக்க ஒரு நாடகம் கிடைச்சுது. எங்கட கதையைக் கேட்டுச் சிரிக்கலாமெண்டு இவங்கள் ஒருத்தனுக்கும் தோன்றேல்லை. அந்தத் தறப்பாள் கொட்டிலுக்குள்ளயும் நாங்கள் பகிடி விட்டனாங்கள்தான்.

(தம்பி பேசவில்லை. ஒரு உழவு மெசின் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.)

ஆச்சி: சீலைக்கு மேல பெல்ட்டுக் கட்டினா நிக்குமோ?

தம்பி: நிக்கும் ஆச்சி, நிக்கும்! ஒருக்காப் பாப்பம். நான் முறைப்பாடு குடுக்க வாறன். (எழுந்து) வணக்கம் மடம், ஒரு முறைப்பாடு...

ஆச்சி: (பொல்லை நிலத்தில் தட்டி) சாப்பிட்டனியோ?

தம்பி: பொலிஸ் அப்பிடிக் கேக்காது ஆச்சி.

ஆச்சி: எங்கட கதையில எண்டெல்லோ சொன்னனி? எங்கட கதை அதிலதான் துடங்கும். இரு. ஆற்றை மோன் நீ?

(அப்போது ஆச்சியின் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. மறுபக்கம் பேரப்பிள்ளை. ஆச்சி 'ஓ... ஓ... ரெண்டுமோ?' என்று மூன்று முறை கேட்டு வைத்தார்.)

தம்பி: என்னவாம்?

ஆச்சி: ஆடு ரெண்டும் தானா வந்து பட்டியடியில நிக்குதாம். மறிக்கு வயிறும் முட்டிக் கிடக்காம். ஆற்றை பயிரைத் திண்டுதோ, இனி அதுக்கொரு வழக்கு வரும்.

தம்பி: அப்ப பொலிசில போய்ச் சொல்லிவிடுங்கோ, கிடைச்சிட்டுது எண்டு.

ஆச்சி: என்னெண்டு சொல்லுறது? ஆடு எண்டாத் திருப்பியும் குறையுமே!

தம்பி: லேசு ஆச்சி. குறைவுக்கு 'அடு' எண்டாக் கூடுதலுக்கு ஒரு சொல்லிருக்கு. அதைச் சொன்னா, குறைஞ்சது வந்திட்டுதெண்டு விளங்கிவிடும்.

ஆச்சி: என்ன சொல்லு?

தம்பி: 'வெடி.'

ஆச்சி: (சுற்றிவரப் பார்த்து, குரலைத் தாழ்த்தி) வன்னியில, பொலிசுக்குள்ள போய் நிண்டு, நான் 'வெடி' எண்டு சொல்லுறதோ?

தம்பி: சிங்களத்தில அது...

ஆச்சி: வாயை மூடு. பஸ் வருகுது. எனக்கு ரெண்டு குறையுதெண்டே அந்தத் தாளில கிடக்கட்டும்.