சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தவருக்கு மூன்று மாதம்கூடக் கொடுக்கவில்லை

சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர் யாரோன் ஸீவர்ட்டை, ஜெர்மனியின் ஹேண்ட்பால் கிளப்பான ஃபுக்ஸே பெர்லின் வேலையை விட்டு அனுப்பியதை நியாயப்படுத்திப் பலர் எழுதுவதைக் காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். தொழில்முறை விளையாட்டில் இதெல்லாம் சகஜமாம். 2025 ஜூன் 8-ஆம் தேதி சாம்பியன், அதே ஆண்டு செப்டம்பர் முதல் வாரத்தில் வேலை இல்லை. இதில் எது சகஜம்?

ஜெர்மனியின் முதல்நிலை ஹேண்ட்பால் லீக்கான புண்டெஸ்லீகாவில் பிளே-ஆஃப் கிடையாது, இறுதிப்போட்டி கிடையாது. 18 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 34 ஆட்டங்கள். ஒரு மாலை அதிர்ஷ்டம் அடித்துப் பட்டம் வாங்க முடியாது. கடைசி நாளன்று ஃபுக்ஸே அணியினர் மான்ஹைமில் ரைன்-நெக்கார் லோவன் அணியை 38-33 என வென்று, இன்னொரு ஜெர்மன் அணியான மக்டெபுர்கை ஒரே ஒரு புள்ளியில் முந்தினார்கள். 1891-இல் பிறந்த கிளப்புக்கு அதுதான் முதல் லீக் பட்டம்! அதை வாங்கிக் கொடுத்த யாரோன் ஸீவர்ட் பெர்லினில் பிறந்தவர், இந்தக் கிளப்பிலேயே வளர்ந்தவர், 26 வயதில் தலைமைப் பயிற்சியாளர் ஆனவர். 2023-இல் ஐரோப்பிய லீக் கோப்பையும் அவர் காலத்தில்தான் வந்தது. அவரையும் விளையாட்டு இயக்குநர் கிரெட்ஸ்ஷ்மாரையும் ஒரே நாளில் அனுப்பிவிட்டார்கள்.

ஐரோப்பியக் கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதியில் மக்டெபுர்கிடம் 32-26 எனத் தோற்றாரே என்கிறார் ஒருவர். அந்த இறுதிப்போட்டி வரைக்கும் அணியைக் கொண்டுபோனது யார்? அவர் இடத்துக்கு வந்த புதிய பயிற்சியாளர் கிரிக்காவ் திறமையானவர், டென்மார்க்கில் இருந்தபோதே எங்கள் நட்சத்திர வீரர் கிட்ஸெல் அவரிடம் ஆடியிருக்கிறார் என்கிறார் இன்னொருவர். உண்மைதான், கிரிக்காவ் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நல்லவர் ஒருவர் கிடைக்கிறார் என்பதற்காக, சாம்பியனான மனிதரை சீசன் தொடங்கிய கையோடு வெளியே அனுப்ப வேண்டுமா?

பொறுமையாக இருந்தவர்கள் என்ன பெற்றார்கள் என்று பாருங்கள். இதே லீக்கில் ஆடும் கீல் அணியில் 1993 முதல் இன்றுவரை மூன்றே தலைமைப் பயிற்சியாளர்கள்: செர்தாருஷிச், கிஸ்லாசன், யீகா. அந்த அணியின் 23 பட்டங்களில் 20 இவர்கள் காலத்தில் வந்தவை. மக்டெபுர்கில் பயிற்சியாளர் வீகெர்ட் 2015 டிசம்பரில் பொறுப்பேற்றார். அவருக்கு லீக் பட்டம் 2022-இல்தான் வந்தது. அதுவரை காத்திருந்தார்கள். இங்கே பட்டம் வாங்கியவருக்கே பொறுமை காட்ட ஆளில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்கிறீர்கள். என் அப்பா ஒரு தனியார் பள்ளியில் பி.டி. ஆசிரியர். விடிவதற்கு முன்பே போய் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவார். பையன்களுக்கு அவித்த கொண்டைக்கடலை எங்கள் வீட்டு அடுப்பிலிருந்துதான் போகும். பள்ளி முதன்முறையாக மாவட்டக் கோப்பையை வாங்கியது. அடுத்த கல்வியாண்டு திறந்ததும், வேறு ஆள் பார்த்துவிட்டோம் என்றது நிர்வாகம். காரணம் கேட்டார், யாரும் சொல்லவில்லை. அதன்பிறகு அந்தத் தெரு வழியாக அப்பா போனதே இல்லை. பஸ் நிறுத்தத்துக்குக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவார்.

அதுவும் இதுவும் ஒன்றா, ஸீவர்ட்டுக்கு நாளையே வேறு அணி கிடைக்கும் என்பீர்கள். கிடைக்கட்டும். நான் சம்பளத்தைப் பற்றிப் பேசவில்லை. உழைத்து ஒன்றை உருவாக்கியவனை, அது கைக்கு வந்ததும், இனி நீ தேவையில்லை என்று சொல்கிற மனத்தைப் பற்றிப் பேசுகிறேன். கிளப்பின் உள்விவகாரம் உனக்கென்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு: டிக்கெட் வாங்கிக் கிளப்பின் அரங்கத்தில் தொண்டை வற்றக் கத்தியது நாங்கள். எங்களுக்கு விளக்கம் கேட்கும் உரிமை கிடையாதா?

கிளப்பின் சொந்த மைதானமான மாக்ஸ் ஷ்மெலிங் அரங்கத்துக்கு இனியும் போவேன், கிட்ஸெல்லுக்குக் கை தட்டுவேன். வீரர்கள் ஒரு தவறும் செய்யவில்லை. ஆனால் அடுத்த உள்ளூர் ஆட்டத்தில் ஸீவர்ட்டை அரங்கத்துக்கு அழைத்து, அத்தனை பேர் முன்னிலையிலும் முறையாக நன்றி சொல்ல வேண்டும். இன்றே கிளப்புக்குக் கடிதம் எழுதுகிறேன். பெர்லினில் இருக்கும் நண்பர்கள் நீங்களும் எழுதுங்கள்.