மார்பக அறுவை சிகிச்சைக்குப் பின் கையைத் தூக்கவே கூடாதா?

"மார்பகப் புற்றுக்கு ஆபரேஷன் செய்த பெண் அந்தப் பக்கக் கையைத் தூக்கவே கூடாது, தூக்கினால் நோய் திரும்பிவிடும். கத்தி பட்டாலே உடம்பெல்லாம் பரவும்." பாம்பன், மண்டபம் பக்கம் உலவும் இந்தப் பேச்சு தவறு.

கத்தி பட்டுப் புற்றுநோய் பரவுவதில்லை. பயந்து தள்ளிப்போட்டு, முற்றிய பிறகு வருபவர்களுக்கு நோய் ஏற்கெனவே பரவியிருக்கும். பழி கத்தி மேல் விழுகிறது.

கை விஷயத்தில் உண்மை நேர்மாறானது. அசைக்காமல் வைத்தால்தான் தோள் இறுகி, தலை வாரக்கூட முடியாமல் போகும். பெரும்பாலும் மறுநாளே விரல்களை மடக்கி நீட்டச் சொல்வார்கள். நீர் வடியும் குழாயை எடுத்த பிறகு, சுவரில் விரல்களை ஊன்றிக் கையை மெல்ல மெல்ல மேலே ஏற்றும் பயிற்சி. கொஞ்சம் இழுக்கும், பயப்பட வேண்டாம். சில வாரங்களுக்குக் கனமான குடம் மட்டும் தூக்கக் கூடாது.

சரி, கடலில் பாசி எடுக்கும் வேலைக்குப் போகலாமா? புண் நன்றாக ஆறி, மருத்துவர் சொன்ன பிறகு போகலாம். ஆனால் அக்குள் நெறிக்கட்டிகளை (நிணநீர் முடிச்சுகளை) எடுத்திருந்தால் அந்தக் கையில் வீக்கம் வர வாய்ப்புண்டு. கிருமி தொற்றினால் அது கூடும். பாறையில் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்க்கும்போது விரலில் சுற்றும் துணி போதாது, நல்ல ரப்பர் கையுறை வேண்டும். கீறல் பட்டால் உடனே நல்ல தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். கை சிவந்து சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.